கடலுக்குள் ஒரு பட்டறை!

சென்னையில் இருந்து பெங்களூர் போகும் பெருஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருகிறது இருங்காட்டுக்கோட்டை.

ஒரு காலத்தில் ஏரியும் வயலும் நிறைந்த வட்டாரம் அது. இன்று அங்கே வரிசை வரிசையாகத் தொழிற்சாலைகள்! 1998-ம் ஆண்டு முதல் அங்கே மோட்டார் கார்கள் தயாராகி வருகின்றன. பஸ் பஸ்ஸாகத் தொழிலாளர்கள் உள்ளே போகிறார்கள். லாரி லாரியாகக் கார்கள் வெளியே வருகின்றன.

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புது மாதிரிக் கார் பிறக்கிறது. முகப்பு மாறுகிறது. விளக்கு மாறுகிறது. விலையும் மாறுகிறது!

புது மாதிரியை உண்டாக்கியவர் யார்? எஞ்சினீயர்தான். அவர் படம் வரைந்தார். தொழிலாளி அதைச் செய்து முடித்தார். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால், இந்த வட்டாரத்துப் பூமிக்குள் வேறொரு ரகசியம் புதைந்து கிடக்கிறது. கேட்டால் வியப்பாக இருக்கும்.

இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது!

மண்ணுக்குள் கடல் பிராணி

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பூமிக்கு அடியில் வெளிர் நிறக் களிப்பாறைகள் இருக்கின்றன. ஏடு ஏடாகப் பிரியும் பாறைகள் அவை. 100 ஆண்டுகளுக்கு முன்பே பூகர்ப்ப சாஸ்திரிகள் இவற்றைத் தோண்டி ஆராய்ந்தார்கள். அந்த ஏடுகளில் செடி இலைகளின் அச்சு இருந்தது. கூடவே, கடலில் மட்டுமே வாழக்கூடிய பிராணிகளின் ஓடுகளும் இருந்தன!

அந்தப் பாறைகளின் வயது 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அந்தக் காலத்தில் கடல் இந்த இடம் வரை உள்ளே வந்திருந்தது. கரையில் இருந்த செடிகளின் இலைகள் சேற்றில் விழுந்தன. கடல் பிராணிகளும் அதே சேற்றில் புதைந்தன. சேறு இறுகிப் பாறை ஆயிற்று.

அந்த ஓடுகளில் ஒன்று, ஆட்டுக்கிடாவின் கொம்பு போலச் சுருண்டிருக்கும். 'அம்மோனைட்' என்று அதற்குப் பெயர். இன்று உலகத்தில் எந்தக் கடலில் வலை வீசினாலும் ஓர் அம்மோனைட் கூடக் கிடைக்காது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குலமே பூண்டோடு அழிந்து விட்டது.

திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியிலும் இப்படி ஓர் அதிசயம் இருக்கிறது. அங்கே சிமெண்டுக்காகச் சுண்ணாம்புப் பாறையை வெட்டி எடுக்கிறார்கள். அந்தப் பாறையின் ஒரு பகுதி என்ன தெரியுமா? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலில் வளர்ந்த பவளப்பாறை! அன்றைய பவளப் பூச்சிகள் கட்டிய வீட்டை இடித்துத்தான் இன்றைய மனிதன் தன் வீட்டுக்குச் சிமெண்டு செய்கிறான்.

அன்று கடலில் இருந்த இனங்கள் இன்று இல்லை. இன்று இருக்கும் இனங்கள் அன்று இல்லை. அப்படியானால், இந்தப் புது இனங்கள் எங்கிருந்து வந்தன? படம் வரைந்த எஞ்சினீயர் யார்? அவை தயாரான பட்டறை எங்கே?

பட்டறைகள் பல உண்டு. அவற்றில் மிகச் சுறுசுறுப்பான ஒன்றின் பெயர்: பவளப்பாறை.

கல்லா? செடியா?

பவளப்பாறையைப் பார்த்தால் கல் போல இருக்கும். கிளை விட்டிருப்பதைப் பார்த்தால் செடி போல இருக்கும். உண்மையில் அது கல்லும் அல்ல, செடியும் அல்ல. உயிருள்ள பிராணி!

சின்னஞ்சிறு பை போன்ற உடல். வாயைச் சுற்றி மெல்லிய விரல்கள். இதுதான் பவளப் பூச்சி. கடல் நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தன்னைச் சுற்றி வீடு கட்டிக் கொள்கிறது. ஒன்றை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி மற்றொன்று என்று லட்சக்கணக்கான பூச்சிகள் கட்டிய குடியிருப்புதான் பவளப்பாறை. சில வகைகள் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

இந்தப் பூச்சியின் உடலுக்குள் ஒரு குடித்தனக்காரர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பாசி! அது வெயிலில் உணவு சமைக்கிறது. பெரும் பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. பவளத்துக்குப் பழுப்பும் பச்சையுமான நிறம் வருவதற்கும் அதுவே முக்கிய காரணம்.

உலகத்துக் கடல் தரையில் பவளப்பாறை இருக்கும் இடம் 100-ல் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால், கடல் வாழ் இனங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அந்தச் சிறு இடத்தை நம்பி வாழ்கிறது. தீப்பெட்டி வீடுகள் நெருங்கிய நகரத்துத் தெரு போல, அங்கே பொந்துக்குப் பொந்து ஒரு குடும்பம்!

இனம் என்றால் என்ன?

புது இனம் பிறக்கும் கதையைச் சொல்வதற்கு முன், 'இனம்' என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

ராஜபாளையம் நாய் வெள்ளையாகப் பெரிதாக இருக்கும். சிப்பிப்பாறை நாய் ஒல்லியாக நீண்டிருக்கும். பார்வைக்கு எவ்வளவோ வித்தியாசம்! ஆனாலும் இரண்டும் கூடினால் குட்டி பிறக்கும். அந்தக் குட்டி வளர்ந்து மறுபடி குட்டி போடும். ஆகவே, இரண்டும் ஒரே இனம்.

குதிரையும் கழுதையும் கூடினால் கோவேறு கழுதை பிறக்கிறது. ஆனால், கோவேறு கழுதைக்கு வாரிசு இல்லை. வம்சம் அதோடு நின்று விடுகிறது. ஆகவே, குதிரை வேறு இனம், கழுதை வேறு இனம்.

ஒரே இனமாக இருந்தவை இரண்டாகப் பிரிந்து, 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை' என்று ஆகி விட்டால், அதுதான் புது இனத்தின் பிறப்பு.

அது எப்படி நடக்கிறது? ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒன்று போல் இருப்பதில்லை. ஒருவன் உயரம், ஒருவன் குட்டை. மீனுக்கும் இறாலுக்கும் அப்படித்தான். சின்னச் சின்ன வித்தியாசங்கள் பிறப்பிலேயே வருகின்றன. இருக்கும் இடத்துக்கு எந்த வித்தியாசம் பொருந்துகிறதோ, அதை உடையவை பிழைத்துக் குஞ்சு பொரிக்கின்றன. பொருந்தாதவை குறைகின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்போது, பேரனுக்குப் பேரன் பாட்டனைப் போல இருப்பதில்லை.

இந்த உண்மையை 1859-ம் ஆண்டு புத்தகமாக எழுதி உலகத்தை அதிர வைத்தவர் சார்லஸ் டார்வின். அவர் வாலிபராக இருந்தபோது ஒரு கப்பலில் உலகத்தைச் சுற்றினார். 1836-ல் இந்து மகா சமுத்திரத்தில் உள்ள கோகோஸ் தீவுகளில் இறங்கிப் பவளத் தீவைப் பார்த்தார். பவளப்பாறைகள் உண்டாகும் விதம் பற்றி 1842-ல் ஒரு தனி நூலே வெளியிட்டார். இனங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது அதற்குப் பின்னர்தான்!

இனி, பட்டறைக்குள் போய்ப் பார்க்கலாம். அங்கே மூன்று கருவிகள் இருக்கின்றன. ஒன்று சுவர். இன்னொன்று கடிகாரம். மற்றொன்று வீடு.

முதல் கருவி: சுவர்

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலம் பனாமா. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலம் முழுதாக எழும்பி நின்றது. அதற்கு முன் ஒரே கடலாக இருந்தது, அதன் பிறகு இரண்டு கடலாகி விட்டது.

அந்தக் கடலில் ஒரு வகைச் சிறு இறால் வாழ்ந்தது. அதன் ஒரு கொடுக்கு பெரிதாக இருக்கும். அதைச் சொடுக்கினால் வெடி வெடித்தது போலச் சத்தம் கேட்கும். சொடுக்கு இறால் என்று சொல்லலாம். நிலம் எழும்பியதும் சில இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம் என்று பிரிந்தன. சொந்தக்காரர்கள் நடுவே சுவர் எழுந்து விட்டது!

நான்ஸி நோல்டன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். இந்தப் பக்கத்து ஆணையும் அந்தப் பக்கத்துப் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டார்கள். கல்யாணம் நடக்கவில்லை. சண்டைதான் நடந்தது! குஞ்சு பொரித்தது மிக அபூர்வம். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தும், உள்ளுக்குள் அவை வேறு இனமாகி விட்டன. இந்த ஆராய்ச்சி 1993-ல் வெளியாயிற்று.

ஆசியாவிலும் இப்படி ஒரு சுவர் எழுந்தது உண்டு. பனி யுகத்தில் பூமியின் தண்ணீர் பெருமளவு பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் இன்று இருப்பதை விடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஜாவா, சுமத்ரா, போர்னியோ எல்லாம் நிலத்தால் ஒட்டிக் கொண்டன. இந்து மகா சமுத்திரத்துக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் நடுவே இருந்த வழி குறுகிப் போயிற்று. பனி யுகம் ஒரு தடவை அல்ல, பல தடவை வந்தது. இரு பக்கத்துப் பவள மீன்களும் பிரிந்து பிரிந்து வளர்ந்தன.

பிறகு பனி உருகியது. கடல் ஏறியது. பிரிந்த உறவினர்கள் மறுபடி சந்தித்தார்கள். கிறிஸ்துமஸ் தீவிலும், டார்வின் இறங்கிய கோகோஸ் தீவுகளிலும் இன்றும் அந்தச் சந்திப்பு நடக்கிறது. அங்கே இந்து மகா சமுத்திரத்து மீனும் பசிபிக் மீனும் கலந்து, இரண்டின் நிறமும் கொண்ட குஞ்சுகள் பிறக்கின்றன. சுவர் சரியாகக் காய்வதற்கு முன்பே இடிந்து விட்டால் இப்படித்தான் ஆகும்!

இரண்டாவது கருவி: கடிகாரம்

பவளப் பூச்சிக்குக் கால் இல்லை. இருந்த இடத்தை விட்டு நகராது. பிறகு எப்படிக் கல்யாணம்?

அதற்கு நாள் பார்க்கிறது பவளம்! ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் 1980-களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பௌர்ணமி கழிந்த சில நாட்களில், இருட்டிய பிறகு, பல வகைப் பவளங்கள் ஒரே சமயத்தில் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. கீழிருந்து மேலே பூ மழை பெய்வது போல இருக்கும் அந்தக் காட்சி.

இத்தனையும் கலந்தால் குழப்பம் வராதா? அங்கேதான் கடிகாரம் வேலை செய்கிறது. கரீபியன் கடலில் நெருங்கிய உறவுள்ள பவள இனங்கள் இருக்கின்றன. ஓர் இனம் சூரியன் மறைந்து சுமார் 2 மணி நேரத்தில் முட்டை விடுகிறது. அதன் உறவினமோ இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் காத்திருக்கிறது. அதற்குள் முதல் இனத்தின் விந்து அலையில் கலைந்து போய் விடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் ஒரே பாத்திரத்தில் கலந்தால் இந்த இரண்டு இனங்களும் சேரும். கடலில் சேர்வது அபூர்வம். நடுவே சுவர் இல்லை. மலை இல்லை. இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது! அந்த இரண்டு மணி நேரமே அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது.

மூன்றாவது கருவி: வீடு

பவளக் கிளைகளுக்கு நடுவே விரல் நீளம் கூட இல்லாத ஒரு மீன் வாழ்கிறது. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி ஒரு பவளக் கொத்தில் குடியேறும். அங்கேயே முட்டையிடும். ஒவ்வோர் இனமும் தனக்கென்று குறிப்பிட்ட வகைப் பவளத்தைத்தான் தேடும்.

இந்த மீன்களில் சில, பழைய வகைப் பவளத்தை விட்டு வேறு வகைப் பவளத்துக்குக் குடி மாறினால் என்ன ஆகும்? புது வீட்டில் இருப்பவை புது வீட்டில் இருப்பவற்றோடுதான் சேரும். பழைய வீட்டில் இருப்பவை பழைய வீட்டில்தான் பெண் எடுக்கும். ஒரே கடலில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து கொண்டே இரண்டு குலங்கள் பிரிந்து விடும்.

இப்படி நடந்ததற்கான ஆதாரம் பாப்புவா நியூ கினியின் பவளப்பாறையில் கிடைத்தது. 2004-ல் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

மூன்று கருவிகளையும் பார்த்தாயிற்று. ஒன்று புரிகிறது. பவளப்பாறையில் எத்தனை வகை வீடுகள் இருக்கின்றனவோ, அத்தனை வகைப் பிழைப்பு இருக்கிறது. வீட்டு வகை குறைந்தால், புது இனம் பிறக்கும் வாய்ப்பும் குறையும்.

தமிழ்நாட்டின் பட்டறை

இந்தப் பட்டறையின் ஒரு கிளை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் மன்னார் வளைகுடா.

ராமேசுவரத்தில் இருந்து தூத்துக்குடி வரை, கரையை ஒட்டி 21 தீவுகள் மாலை போல இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். மீனவர்கள் கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். பார் இருக்கும் இடத்தில் மீன் இருக்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

பனி யுகத்தில் இந்த இடம் தரையாக இருந்தது. இந்தியாவில் இருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம்! கடல் ஏறி வந்த பிறகு, சில ஆயிரம் ஆண்டுகளில் வளர்ந்ததுதான் இன்றைய பவளப்பாறை. அலையில் மிதந்து வந்த பவளக் குஞ்சுகள் இங்கே ஒட்டிக் குடியேறின. இன்று 117 வகைப் பவளங்கள் மன்னார் வளைகுடாவில் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வது நல்லது. "புது மீன் இனம் கண்டுபிடிப்பு" என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. 2023-ல் கடலூர்க் கரையில், முடசலோடை மீன்பிடி துறையில் கிடைத்த ஒரு விலாங்கு வகை மீனுக்குத் தமிழ்நாட்டின் பெயரையே சூட்டினார்கள். அந்த மீன் 2023-ல் பிறந்த இனம் அல்ல. மனிதன் பிறப்பதற்கு முன்பே கூட அது இருந்திருக்கலாம். மனிதன் அதற்குப் பெயர் வைத்த ஆண்டுதான் 2023.

கண்டுபிடிப்பது வேறு. உண்டாவது வேறு. கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். உண்டாவதற்குப் பெரும்பாலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

பட்டறையை உடைத்த கை

இவ்வளவு காலம் எடுத்துக் கட்டியதை மனிதன் என்ன செய்தான்?

கடப்பாரையால் உடைத்தான்!

பல பத்தாண்டுகள் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி, தோணி தோணியாக ஏற்றினார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று. ஆலைகளுக்குப் போயிற்று. வீட்டுச் சுவருக்குப் போயிற்று. வெட்டியவர் ஏழை. மூழ்கி மூழ்கி உடைத்தவருக்குக் கிடைத்தது அன்றாடக் கூலி. லாபம் வேறு இடத்தில் சேர்ந்தது. ஆகவே, பழியை முழுவதும் அந்த ஏழையின் தலையில் கட்டுவது நியாயம் அல்ல.

1986-ல் இந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு பவளப் பூச்சிக்கும் கிடைத்தது! 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. பவளப்பாறை அலையின் வேகத்தைக் குறைக்கும் அரண் என்ற எண்ணம் கரையில் வலுத்தது. அதன் பிறகு வெட்டுவது ஓய்ந்தது.

ஆனால், 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய் விட்டன. தூத்துக்குடி அருகே உள்ள வான் தீவும் கரைந்து சுருங்கியது. அதைக் காப்பாற்ற 2015 முதல் கடலுக்குள் காங்கிரீட்டுத் தடுப்புகளை இறக்கினார்கள். சும்மா கிடைத்த அரணை உடைத்து விட்டு, பணம் கொடுத்து அரண் கட்ட வேண்டி வந்தது!

கடப்பாரை ஓய்ந்தது. இப்போது வேறு எதிரி வந்திருக்கிறது. அதுதான் வெப்பம்.

கடல் நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளப் பூச்சி தன் உடலுக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளி விடுகிறது. சோறு போட்ட குடித்தனக்காரர் போனதும் பவளம் எலும்பு போல வெளுத்து விடுகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினி கிடந்து சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும், 2016-லும் இந்த வெளுப்பு கடுமையாக வந்தது. 2024-ல் உலகத்துக் கடல்களில் பரவலாக வெளுப்பு நோய் கண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகளாகக் கடலுக்குள் மூழ்கிக் கணக்கெடுத்து வருகிறார்கள். 2005-ல் பவளத் திட்டுகளின் பரப்பில் 100-க்கு சுமார் 37 பங்கு உயிருள்ள பவளமாக இருந்தது. 2021-ல் அது சுமார் 27 பங்காகக் குறைந்து விட்டது.

"புதுசு வரட்டுமே!"

இதைக் கேட்டு ஒரு கேள்வி எழலாம். "பழைய இனம் போனால் என்ன? அம்மோனைட் போயிற்று. உலகம் நின்றா விட்டது? இயற்கை புது இனத்தை உண்டாக்கிக் கொள்ளுமே!"

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், கணக்கு இடிக்கிறது.

சொடுக்கு இறால் முழுதாக இரண்டு இனமாவதற்குக் கிடைத்த அவகாசம் 30 லட்சம் ஆண்டுகள். சில மீன்கள் அதை விட விரைவாகப் பிரிவது உண்டு. அப்படியும் அது ஆயிரக்கணக்கான தலைமுறைகளின் வேலை. மனிதன் கடலைச் சூடாக்கிக் கொண்டிருப்பதோ ஒரு நூற்றாண்டுக் கணக்கில்தான். மகன் பிறந்த நாளில் இருந்த கடல், அவனுக்கு மகன் பிறக்கும்போது இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாதிரிக் காரை நிறுத்தி விட்டால், படம் இருக்கிறது. அச்சு இருக்கிறது. வேண்டுமானால் மறுபடி செய்யலாம். தொழிற்சாலையே எரிந்து போனாலும் வேறு இடத்தில் கட்டலாம். கடலின் பட்டறையில் படம் கிடையாது. ஒவ்வோர் இனமும் தானே சரக்கு, தானே படம், தானே அச்சு. போனால் போனதுதான்.

இன்னொரு பெரிய உண்மையும் இருக்கிறது. புது இனம் வெறும் தண்ணீரில் பிறப்பதில்லை. பழைய இனத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்களில் இருந்துதான் பிறக்கிறது. அதுதான் கச்சாப் பொருள். மன்னார் வளைகுடாவில் வெளுப்பு வந்தபோது எல்லாப் பவளமும் ஒரே மாதிரி சாகவில்லை. கிளை விட்டு வேகமாக வளரும் வகைகள் அதிகம் செத்தன. உருண்டை உருண்டையாக மெதுவாக வளரும் வகைகள் அதிகம் தாங்கின. ஒரே வகைக்குள்ளும் சில செத்தன, சில பிழைத்தன.

பிழைத்தவைதான் விதைநெல். சூட்டைத் தாங்கும் குணம் நாளைக்கு அவற்றின் வம்சத்தில்தான் தொடர வேண்டும். எந்தப் பஞ்சத்திலும் குடியானவன் விதைநெல்லை விற்கத் தயங்குவான். கடலின் விதைநெல்லைக் கழிவுநீரிலும், நங்கூரத்தின் அடியிலும், தரையைச் சுரண்டும் இழுவலையிலும் மனிதன் தொலைத்துக் கொண்டிருந்தால், பிறகு எதை விதைப்பது?

செய்ய வேண்டியது என்ன?

ஓர் அபூர்வ மீனைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காப்பாற்றினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரக்கைக் காப்பாற்றுவது. பட்டறையைக் காப்பாற்றுவது அல்ல. பட்டறை என்றால் பல வகைப் பவளம், தெளிந்த தண்ணீர், ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் இடையே குஞ்சுகள் மிதந்து போகத் தடையில்லாத வழி, எல்லாம் சேர்ந்தது. ஒன்று கெட்டாலும் வேலை நிற்கும்.

கரையோர நகரங்களின் சாக்கடை சுத்தம் செய்யப்படாமல் கடலில் சேரக் கூடாது. பவளத் திட்டு இருக்கும் இடத்தில் இழுவலை கூடாது. உடைந்த பவளத் துண்டுகளைச் சட்டத்தில் கட்டி மறுபடி வளர்க்கும் வேலை, தூத்துக்குடியில் 2002 முதல் நடக்கிறது. அது பெருக வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது. கரையில் இருப்பவர்களின் வயிறும் நிறைய வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவப் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். பூங்கா வந்த பிறகு அவர்களுக்கும் வனத்துறைக்கும் ஓயாத தகராறு. ஆனால், அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் சில நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, பவளத்தைக் கெடுக்கும் இரும்புக் கருவியைத் தொடாமல் கையால் எடுப்பது என்று கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். கடலைக் காப்பாற்ற அந்தப் பெண்களை விடச் சிறந்த காவல்காரர்கள் யார்? அவர்களை விரட்டுவதை விட, அவர்களைக் கூட்டாளிகளாக ஆக்குவதே புத்திசாலித்தனம்.

வெப்பத்துக்குத் தமிழ்நாடு மட்டும் பொறுப்பல்ல. உலகம் முழுவதும் எரியும் கரியும் எண்ணெயும் அதற்குக் காரணம். இருங்காட்டுக்கோட்டையில் இருந்து புறப்படும் காரின் புகைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் புகைக்கும் மன்னார் வளைகுடாவில் வெளுக்கும் பவளத்துக்கும் நடுவே சில நூறு கிலோமீட்டர் இருக்கலாம். ஆனால், காற்றுக்கும் கடலுக்கும் மாவட்ட எல்லை கிடையாது. மின்சாரக் கார், சூரிய சக்தி என்று தொழிற்சாலைகள் பேசத் தொடங்கியிருப்பது நல்லது. பேச்சு வேகத்தை விடச் செயல் வேகம் கூட வேண்டும்.

இன்றும் இருங்காட்டுக்கோட்டையில் ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதும். தொழிலாளிகள் உள்ளே போவார்கள். அந்த வட்டாரத்துப் பூமிக்கு அடியில், களிப்பாறையின் ஏடுகளுக்குள், ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பதற்குச் சாட்சியாக அந்தப் பழைய ஓடுகள் கிடக்கும்.

அம்மோனைட்டை அழித்தது மனிதன் அல்ல. அப்போது மனிதனே பிறக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் பவளம் போனால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

தெற்கே, நிலவு வெளிச்சத்தில், பவளப் பூச்சி இன்னும் நாள் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறது. பட்டறை இன்னும் மூடவில்லை. மூடாமல் பார்த்துக் கொள்வது, இன்று இருப்பவர்களின் கையில் இருக்கிறது!